மூன்றாம் மணியில் ஒரு விரிசல்

கண்ணாடியார் என்றால் கடைத்தெருவில் தெரியாதவர் இல்லை. அந்தக் காலத்துத் துரைமார்கள் வேற்று நாட்டு வெள்ளிக்காசில் தங்கள் கிரீட முத்திரையை அடித்துப் புழக்கத்தில் விட்டார்களே, அந்த முத்திரை அசலா போலியா என்று சொல்வதுதான் அவர் தொழில். அவர் எழுதிய சீட்டுக்கு மறுபேச்சே கிடையாது. பெரிய மனுஷர்தான்! ஆனால் பதினோரு சீட்டில் பொய் எழுதியவர்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமே. அந்தப் பதினோரு முத்திரையும் அவருடைய தம்பி அடித்தவை. அவன் முத்திரை அடித்த இரும்பு அச்சில், கிரீடத்து முத்துமணி வரிசையின் மூன்றாவது மணியில் மயிரிழை விரிசல் ஒன்று உண்டு. "போலின்னு எழுதுண்ணே. அப்பத்தான் அடிக்கிற என் கை நிக்கும்" என்று தம்பியே அழுதிருக்கிறான். அண்ணனுக்கு மனம் வரவில்லை. தம்பி செத்தபோது அச்சை அவன் சட்டைப்பையில் வைத்துப் புதைத்தவரும் அவர்தான்.

ஆறு வருஷம் கழித்து, ஒரு பட்டப்பகலில், வியாபாரி ஒருவர் நாலு காசைக் கொண்டுவந்தார்.

"நாலுலயும் முத்திரை இருக்கு சார். பாத்துத்தான் வாங்கினேன்."

முதல் காசில் அதே மூன்றாவது மணி. விரிசல் மட்டும் அகன்றிருந்தது. அடிக்க அடிக்கத்தான் அச்சில் விரிசல் வளரும்; மண்ணுக்குள் சும்மா கிடந்தால் வளராது. இரண்டாவதில் விரிசல் மணியைத் தாண்டியிருந்தது. மூன்றாவதில் கிரீடமே பாதியாகப் பிளந்திருந்தது. முத்திரை பதிந்த குழிக்குள் வெள்ளி கறுக்கவேயில்லை, நேற்று அடித்ததுபோல் பளிச்சென்று இருந்தது.

"யாருய்யா குடுத்தது?"

"கல்லறைப் பக்கம் ஒருத்தர். கையெல்லாம் மண்ணு. அண்ணன்கிட்ட காட்டுங்கன்னாரு. உங்களத்தான் சொல்றாருன்னு நினைச்சேன்."

இப்போது போலி என்று எழுதினால் பழைய பதினொன்றும் சந்தி சிரிக்கும். நாற்பது வருஷப் பேர் ஒரே நாளில் போய்விடும். கண்ணாடியார் சீட்டை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு எழுதினார்: 'போலி. அடித்தவன் என் தம்பி. பதினோரு முறை மறைத்தவன் நான்.' கீழே கையெழுத்தும் போட்டார்.

நாலாவது காசை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் அடி வாங்கித் தட்டையாகியிருந்தது. முத்திரை ஓங்கி விழுந்த காசு அப்படித்தான் இருக்கும். முன்பக்கத்திலோ முத்திரையே இல்லை.

"ஐயோ, காலையில இருந்துச்சே சார்!" என்று வியாபாரி அலறினார்.

கண்ணாடியார் காசை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார். அது சூடாக இருந்தது.

"நிறுத்திட்டியாடா?" என்று கேட்டு, கடைக்குள்ளேயே உடைந்து அழுதார்.