கமா அக்காவின் பட்டியல்

இதில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று கேட்டால் எனக்கே சந்தேகம்தான். வருடங்கள் ஆகிவிட்டன. பயந்து போனவனின் நினைவைக்கூட ஓரளவு நம்பலாம். வெட்கப்பட்டு நிற்பவனின் நினைவை நம்பக்கூடாது. ஆனால் நேரங்கள் சரியானவை. நாங்கள் அடித்த ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் கணினி தானாக நேரத்தைப் பதித்துவிடும். நடந்தது நடந்ததுதான். நம்புவது உங்கள் விருப்பம்.

அது ஒரு கண் மருத்துவமனையின் கடிதப் பிரிவு. மூன்று மேஜைகள், ஒரு ஜன்னல், பக்கத்தில் சிறிய சாப்பாட்டு அறை. மருத்துவர்கள் தாங்கள் சொல்ல வேண்டியதைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். நாங்கள் ஹெட்போனில் கேட்டுக் கடிதமாக அடிப்போம். இரண்டெழுத்து அடித்தால் போதும், மீதியைக் கணினியே சாம்பல் நிறத்தில் காட்டும். டேப் பொத்தானை அழுத்தினால் அது கறுப்பாகிக் கடிதத்தில் சேர்ந்துவிடும். யார் எப்படி எழுதுகிறார்களோ அதைக் கற்றுக்கொண்டு, அவரவர் பெயரில் ஒரு சொற்பட்டியலாக வைத்திருக்கும்.

கமா அக்காவின் பட்டியலுக்குப் பதினோரு வயது. மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் கமா போடுவார், அதனால் அந்தப் பெயர். அவர் கணினியில் முழு வாக்கியமே தயாராக வந்து நிற்கும். ஆகவே அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் நாங்கள் அவர் நாற்காலிக்குத் தாவிவிடுவோம். விதிப்படி தவறு. அவரும் கணினியைப் பூட்டாமல்தான் போவார். எந்நேரமும் கையில் புத்தகம் வைத்திருப்பதால் என்னைப் ‘புழு’ என்று கூப்பிடுவார்.

“உக்காந்துக்கோ புழு. ஆனா அது சொல்றதுக்கெல்லாம் தலையாட்டாதே. அதுவும் எங்க வீட்டுக்காரர் மாதிரிதான். பாதியைக் கேட்டுட்டு மீதியைத் தானே முடிச்சிடும்.”

அன்று மதியம் 1:20. ஒரு தையல்காரரைப் பற்றிய கடிதம். காதில் மருத்துவர் வலது கண் என்றார். திரையில், ‘இடது கண்ணில் அறுவை சிகிச்சை செய்யப் பரிந்துரைக்கிறேன்’ என்று சாம்பலில் வந்தது. என் விரல் டேப்பை அழுத்திவிட்டது. பாதியில் வைத்துவிட்டு வந்த ஒரு நாவலில் இருந்தது என் மனம். கடிதம் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் சரிபார்க்கவில்லை. அந்த மனிதருக்குப் பார்வை நன்றாக இருந்தது இடது கண்ணில்தான். அது போய்விட்டது.

கடிதத்தில் இருந்தது கமா அக்காவின் பெயர். விசாரணைக்கு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் தான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக அக்கா சொன்னார். அப்படியானால் அந்த நாற்காலியில் இருந்தது யார் என்று மேலாளர் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. நேரம் கொடுப்பது போன்ற பார்வை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரியல சார்” என்றார் அக்கா.

மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அந்த நாற்காலி எனக்கு வந்தது. எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு: போகிறவரின் பட்டியல், அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்குச் சேரும். முதல் இரண்டு வாரம் கணினி எதையுமே காட்டவில்லை. பிறகு ஒருநாள் மதியம் அக்காவின் வாக்கியங்கள் வரத் தொடங்கின. என் வேகம் இரட்டிப்பானது. மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அக்காவைப் போய்ப் பார்க்கவில்லை. போனில்கூடப் பேசவில்லை.

மூன்றாம் மாதம். மற்றவர்கள் மேல்மாடியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் தனியாக.

மதியம் 3:10. கடிதத்தில் கமாக்கள் அதிகமாக விழுந்தன. அக்காவின் பழக்கம்தானே என்று அழித்தேன்.

3:14. மறுபடியும் கமா. இப்போது ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும். மூச்சு வாங்குகிறவர் விட்டு விட்டுப் பேசுவதுபோல...

3:19. சுவர்க் கடிகாரம் அதைத்தான் காட்டியது. கடிதத்தின் அடியில் பதிந்திருந்தது 1:20.

சாப்பாட்டு அறையில் ஒரு சத்தம். டக். டிபன் பாக்ஸின் மூடியைத் திறக்கிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. யாரும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். ‘நோயாளி’ என்று அடித்தேன். சாம்பலில் மீதி வந்தது.

‘நோயாளி, கேட்கிறார், யார், அடித்தது.’

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எழுத்துகள் நிற்கவில்லை.

‘உக்காந்துக்கோ, புழு, நான், வந்துடறேன்.’

டக்.

‘மேலாளர் அவர்களுக்கு, அன்று, 1:20 மணிக்கு, அந்த நாற்காலியில், இருந்தது...’

அங்கே நின்றது. பிறகு மெல்ல, எழுத்து எழுத்தாக, என் பெயர் வந்தது. முழுப் பெயர். சாம்பலில்.

டேப்பை ஒரு தடவை அழுத்தினால் போதும்.

அது காத்திருந்தது.

என் நாற்காலியின் முதுகில் ஒரு கை ஊன்றியது. நாற்காலி லேசாகப் பின்னால் சாய்ந்தது...

கழுத்தில் மூச்சு.

3:31.

வயரைப் பிடுங்கினேன்.

மறுநாள் காலை கணினியைப் பார்க்க ஆள் வந்தார். அரை மணி நேரம் துழாவினார்.

“இதுல பட்டியலே இல்லையே சார். அந்தம்மா போன அன்னைக்கே விசாரணைக்குன்னு நான்தான் எடுத்துக் குடுத்தேன். மூணு மாசமா இது வெறும் பெட்டி. நீங்க என்னமோ பெரிய ஸ்பீடுன்னு பேசிக்கிறாங்க?”

அவர் சிரித்தார்.

அதே வாரம் அக்காவின் கணவர் வந்தார். அக்காவின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க. அக்கா இறந்துவிட்டார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வேலை போன பதினான்காம் நாள், மதியம், சாப்பிட உட்கார்ந்தபோது மூச்சுத் திணறல். நான் நாட்களை எண்ணினேன். அவர் வாக்கியங்கள் என் திரையில் வரத் தொடங்கியது அன்றுதான்.

கணவர் என்னிடம்தான் பேசினார். அக்கா வீட்டில் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லியிருப்பார்போல.

“அந்தத் தப்பு அவ பேர்ல இருக்கு தம்பி. அதை மட்டும் எடுக்க முடியுமான்னு கொஞ்சம் பாருங்க. வேற எதுவும் வேணாம். அவ செய்யல.”

பார்க்கிறேன் என்றேன்.

தையல்காரர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். மேலாளர் ஓய்வு பெற்றார். கடிதப் பிரிவு இப்போது இல்லை. மருத்துவர்கள் பேசப் பேச இயந்திரமே எழுதிவிடுகிறது. அக்காவின் கணவர் இன்னும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் பார்க்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நான் வேறோர் அலுவலகத்தில் நல்ல நிலையில் இருக்கிறேன். விசாரணைக் கோப்பில் அந்தக் கடிதத்துக்கு நேரே இன்றும் கமா அக்காவின் பெயர்தான் இருக்கிறது.