கிடா கத்த வேண்டிய இடம்

இந்த நினைவு மலரின் அட்டையில் உள்ள படம் ஸ்டுடியோவில் எடுத்ததல்ல. அண்ணன் நடித்த திரைப்படத்தில் வரும் ஒரு காட்சி. தலைப்பாகை சரிந்திருக்கிறது. வலது காதைச் சொறிந்தபடி நேரே நம்மைப் பார்க்கிறார். முதலாம் ஆண்டு நினைவுக்கு இது பொருத்தம்தானா என்று உறவினர் சிலர் கேட்டார்கள். தேர்ந்தெடுத்தவர் அண்ணனின் மனைவி, என் மதினி. காரணத்தை எழுதும் பொறுப்பு தம்பியாகிய எனக்கு வந்தது.

அண்ணன் கழுகுமலைக்குக் கிழக்கே, ஆடு வளர்க்கும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். தந்தையார் இறந்தபோது அவர் எட்டாம் வகுப்பு. அத்துடன் பள்ளியை விட்டு, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தார். நான் கல்லூரியில் படித்ததும் பிறகு நாளிதழில் உதவி ஆசிரியரானதும் அந்தச் சம்பளத்தால். அதை ஒருமுறைகூட அவர் சொல்லிக் காட்டியதில்லை. முன்கோபம் உண்டு. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். நான்கு நாளில் அவரே பேசுவார்.

தீப்பெட்டி ஆபீஸ் நண்பர்கள் சிலரும் இரும்புக்கடை ஹமீது அண்ணாச்சியும் அவருடன் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். அண்ணன் எழுதி மெட்டமைத்த ‘சம்பந்தி வீட்டுக் கிடா’ இருபது ஆண்டுகளுக்கு மேல் கரிசல் ஊர்களின் கோயில் கொடை விழாக்களில் நடந்தது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சம்பந்தியின் கிடாவைப் பெண்ணின் தகப்பனார் தன் வீட்டு உள்ளறையில் ஒளித்து வைத்திருக்கிறார். கல்யாணத்தன்று சம்பந்தி அதைத் தேடி வருகிறார். கதை இவ்வளவுதான். பாட்டு பதினான்கு. பெண்ணின் தகப்பனாராக அண்ணன், சம்பந்தியாக ஹமீது அண்ணாச்சி. மதினி திரைக்குப் பின்னால் இருந்து எல்லோருக்கும் உடை மாற்றிவிடுவார்.

“எங்க வீட்டில் ஆடே இல்லை” என்று அண்ணன் பாடி முடித்ததும், திரைக்குப் பின்னால் கட்டியிருக்கும் நிஜக் கிடா கத்த வேண்டும். எட்டயபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் அது கத்தவில்லை. அகத்திக்கீரையில் மும்முரமாக இருந்தது. அண்ணன் காதைச் சொறிந்துகொண்டு நின்றார். முன்வரிசையில் ஒருவர் “மே” என்றார். அடுத்து கூட்டமே கத்தியது. அண்ணன் கூட்டத்தைக் கைகாட்டி, “அது அடுத்த வீட்டு ஆடு, சம்பந்தி” என்றார். அன்றோடு கிடாவுக்கு வேலை போயிற்று. அதன் பிறகு எந்த ஊரிலும் அந்த இடத்தில் சனங்களே கத்தினார்கள்.

கயத்தாற்றில் பிறந்து சென்னையில் படம் எடுக்கும் இயக்குநர் ஒருவர் இந்த நாடகத்தைத் திரைப்படமாக்கக் கேட்டு வந்தபோது, அண்ணனுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. மூன்றரை மணி நேர நாடகத்தை இரண்டு மணி நேரமாக்க வேண்டும். நோட்டை என்னிடம் கொடுத்தார்.

“வெட்டுறது ஒனக்குத்தானலே தொழிலு. எனக்குக் கை வராது.”

ஒன்பது பாட்டுகளை நீக்கினேன். கனவுப் பாட்டை நீக்கியபோது மட்டும் தயங்கினேன். அவர் சிரித்தார். “பொண்ணு வேசம் கட்டுனவன் சேலை மாத்த நேரம் வேணும்னு போட்ட பாட்டு அது. போவட்டும்.”

படத்திலும் நாடகக் குழுவினரே நடித்தார்கள். படப்பிடிப்பின் முதல் நாள் ஒன்றும் சரியாக வரவில்லை. யாருக்கு வசனம் வந்ததோ அவர் முற்றத்தின் நடுவுக்கு நடந்துபோய், மோவாயைத் தூக்கிக்கொண்டு பேசினார். மேடையென்றால் மைக் தொங்குகிற இடம் அது.

“அண்ணாச்சி, மைக்கு சட்டைக்குள்ள இருக்கு” என்றார் இயக்குநர்.

“எனக்குத் தெரியுது தம்பி. களுத்துக்குத் தெரியலையே” என்றார் ஹமீது அண்ணாச்சி.

படத்தொகுப்பு முடிந்து, மடிக்கணினியில் அண்ணனுக்குக் காட்டினார்கள். சனங்கள் கத்தும் அந்த இடம் வந்தது. ஒரு கிடா கத்தியது.

“இது ஏன் கத்துது?” என்றார் அண்ணன்.

“கத்தாம எப்படி அண்ணாச்சி? தியேட்டர்ல உக்காந்து யாரு கத்துவா? நீங்க காதச் சொறியுற ஏழு செகண்டும் படம் செத்துக் கெடக்கும்” என்றார் இயக்குநர்.

“ஒம்பது பாட்டு போச்சு. நான் ஏதும் சொன்னனா? அது நான் எழுதுனது. இது நான் எழுதுனதில்ல, சனங்க எழுதுனது. இத எடுக்க நம்ம யாரு?”

நானும் இயக்குநர் பக்கமே பேசினேன். அண்ணன் நான்கு நாள் என்னுடன் பேசவில்லை. கடைசியில் இயக்குநர் கிடாவின் சத்தத்தை நீக்கினார். சென்னையில் சிலருக்கு மட்டும் படத்தைப் போட்டுக் காட்டியபோது, அந்த இடத்தில் ஒருவர் திரும்பி, “சவுண்டு போச்சு” என்றார். தொலைபேசியில் அண்ணனிடம் சொன்னேன்.

“அங்கன ஆடு மேய்ச்சவன் எவனும் இருந்தானா?”

“இல்ல.”

“அப்பம் சரி.”

கோவில்பட்டியில் முதல் நாள் பார்ப்போம், அங்கேயும் சத்தம் இல்லையென்றால் மறுநாளே கிடாவைச் சேர்த்துவிடுவேன் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அண்ணன் ஒப்புக்கொண்டார். படம் வெளியாக மூன்று வாரம் இருக்கையில் அண்ணனுக்கு நுரையீரலில் சளி கட்டியது. மருத்துவமனையில் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: “மொத நாளே ஒம் மதினியக் கூட்டிட்டுப் போ. முன்னால உக்காந்து அவ பாத்ததே இல்ல.” மறுநாள் காலையில் காலமானார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ஐந்தாம் நாள் படம் வந்தது. துக்க வீட்டுக்காரர் சினிமாவுக்குப் போவதா என்று உறவில் பேச்சு எழுந்தது. “அவிய சொல்லிட்டுப் போனது. நான் போறேன்” என்றார் மதினி.

மதியக் காட்சி. அரங்கில் பாதிக்கு மேல் தெரிந்த முகங்கள். மதினி உள்ளே வந்ததும் பேச்சு அடங்கியது. நகைச்சுவைக்குச் சிரித்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பாட்டு வந்தது. “எங்க வீட்டில் ஆடே இல்லை.” அண்ணன் காதைச் சொறிந்துகொண்டு எங்களைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எவரும் கத்தவில்லை. கத்தத் தெரியாமல் அல்ல, மதினி இருக்கிறாரே என்றுதான்.

நான்காவது விநாடியில் என் பக்கத்தில் மதினி “மே” என்றார். பெரிய சத்தம் இல்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. பிறகு அரங்கம் முழுவதும் கத்தியது. திரையில் அண்ணன் எங்களைக் கைகாட்டி, “அது அடுத்த வீட்டு ஆடு, சம்பந்தி” என்றார்.

வெளியூர்களில் அந்த ஏழு விநாடி சரியாகப் போகவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். படம் அதிக நாள் ஓடவும் இல்லை. ஆனாலும் இயக்குநர் கிடாவைச் சேர்க்கவில்லை. அட்டைப் படம் அந்த ஏழு விநாடியில் எடுத்தது.

படப்பிடிப்புக்கு ஏற்ப டயாலிசிஸ் நாளை மாற்றித் தந்த செவிலியருக்கும், தீப்பெட்டி ஆபீஸ் நண்பர்களுக்கும், காரியம் முடியும்வரை கடையைப் பூட்டிவிட்டு எங்களுடன் இருந்த ஹமீது அண்ணாச்சிக்கும், சொன்ன சொல்லைக் காத்த இயக்குநருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அன்று அரங்கில் மூன்று விநாடி மதினிக்காக அடங்கியிருந்தவர்களுக்கும், அதன் பிறகு அண்ணனுக்காகக் கத்தியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.