அவரைத் தாயே என்று கூப்பிட்ட நாட்கள்

என் வீட்டுக்காரருக்கு அம்மை போட்டது மாசிக் கடைசியில். கட்கி ஃபேக்டரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றினார். முதுகில் நாலைந்து முத்து. போபோடியில் எங்கள் தமிழ்ச் சந்தில் அதை யாரும் நோய் என்று சொல்ல மாட்டார்கள். ஆத்தா வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை செருகினேன். தாளிப்பதை நிறுத்தினேன். வராதீர்கள் என்று யாரிடமும் சொல்லத் தேவையிருக்கவில்லை, வேப்பிலையைப் பார்த்து அவர்களே ஒதுங்கிக்கொண்டார்கள்.

அம்மை கண்டவரிடம் முகம் சுளித்துப் பேசக் கூடாது. உடம்பில் இருப்பவள் அவள். அதனால் இளநீரை நீட்டும்போதெல்லாம் என் புருஷனையே "குடி தாயே" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் விழுந்து எழுந்த மனுஷன். வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபடி சிரித்தார்.

"இத்தினி வருசமா மரியாதையே இல்ல. இப்பத்தான் தாயேங்குற. ஆத்தா இன்னும் பத்து நாள் இருந்துட்டுப் போவட்டும்டி."

சொல்லி முடித்து இருமினார். அந்த இருமல் நிற்கவேயில்லை.

மகள் பாணேரில் ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாள். ஃபோனில் அந்த இருமலைக் கேட்டதும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். மூச்சு வாங்குவதைப் பார்த்து உடனே ஆஸ்பத்திரி என்றாள். நானும் மறுக்கவில்லை. ஆத்தாளும் இருக்கட்டும், டாக்டரும் இருக்கட்டும் என்பதுதான் எப்போதும் என் வழக்கம். பெரியவர்களுக்கு வந்தால் சில சமயம் நுரையீரலுக்குப் போய்விடும் என்றார்கள் அங்கே. மருந்து ஏற்றினார்கள், குழாய் வைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

ஆத்தாளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் சும்மா விடுவாளா என்று என் காதுபடவே சந்தில் பேசினார்கள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும். ஆனால் எனக்கும் உள்ளே அதே அரிப்பு. நான் செய்த குற்றமா, ஆத்தா செய்த துரோகமா என்று மகளிடம் கேட்டு அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கிருமி எப்படித் தொற்றும், எப்படி நெஞ்சுக்குள் இறங்கும் என்று பொறுமையாகச் சொன்னாள்.

"யாரோட தப்பும் இல்லம்மா. அது வைரஸ். அதுக்கு அப்பா யாருன்னே தெரியாது. அவ்ளோதான்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள், பாவம். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் தூங்கினேன். அவள் சொன்னது உண்மையென்று என் புத்திக்குப் பட்டுவிட்டது.

ஆடியில் கூழ் ஊற்றக் கோயிலுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். நான் கும்பிடுவதே அப்படி. முதல் பிள்ளை தங்காதபோது, "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டவள் நான். கேட்டு முடித்தால் நெஞ்சு லேசாகும், ஒரு சொம்பு கூழைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன்.

இந்த முறையும் கேட்க வேண்டியதையெல்லாம் வழிநெடுகச் சேர்த்துக்கொண்டு போனேன். மஞ்சள் முகம், வெள்ளிக் கண், எலுமிச்சை மாலை, எல்லாம் இருந்தது. வாயைத் திறந்தேன். கண்ணுக்கே தெரியாத ஒரு கிருமி செய்ததற்கு இவளை எப்படித் திட்டுவது? பாவம், இவளுக்கு என்ன தெரியும்?

பின்னால் நின்றவள் நகரச் சொன்னாள். நகர்ந்தேன். அவர் செத்த அன்றைக்குக்கூடத் திட்டுவதற்கு எனக்கு ஒருத்தி இருந்தாள்.