சத்தம் வராத இருமல்

"இன்னும் நூறு வருஷம் கழித்து சாதாரண ஜனங்கள் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துவார்கள்? அதைப் பற்றி ஒரு வாரம் எழுதுங்களேன்" என்றார் நான் பத்தி எழுதும் வாரப் பத்திரிகையின் ஆசிரியர்.

நூறு வருஷம்! என் வீட்டு கேஸ் சிலிண்டர் அடுத்த வாரம் வரை தாங்குமா என்று கேட்டாலே எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆசிரியரிடம் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லையே... "ஆகட்டும் சார்" என்றுவிட்டேன்.

உட்கார்ந்து எழுதவும் ஆரம்பித்தேன். சுவரே கம்ப்யூட்டர். மூக்குக் கண்ணாடியே கம்ப்யூட்டர். மனசுக்குள் 'காபி' என்று நினைத்தால் போதும், அடுப்பு தானாகப் பற்றிக்கொள்ளும்... அரைப் பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. சுவர் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, மருந்துக்குக்கூட ஒரு மனுஷரைக் காணோம்.

எழுத்து ஓடாத நாட்களில் எனக்கு மும்தாஜ்தான் கதி. பெரம்பலூரில் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவள். கல்யாணமாகி லப்பைக்குடிக்காட்டுக்குப் போனாள். கணவர் ஜமால் அண்ணன் குவைத்தில் ஒரு மரக் குடோனில் சூப்பர்வைசர். ஒரே மகன் ஆசிக், பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. ஆக, அத்தனை பெரிய வீட்டில் இவள் ஒருத்தி. வெள்ளிக்கிழமை காலை டிபனை முடித்த கையோடு பஸ் ஏறிவிட்டேன்.

"வாடி எழுத்தாளரம்மா... மெதுவாப் பேசு, அவரு தூங்குறாரு" என்று வாசலிலேயே உதட்டில் விரல் வைத்தாள் மும்தாஜ்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணன் வந்துட்டாரா? ஒரு வார்த்த சொல்லல?"

"எங்கேர்ந்து வர்றது? குவைத்துலதான் தூங்குறாரு."

சமையல்கட்டுக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். அரிசி டிரம்மின் மேல் ஒரு லேப்டாப். திரையில் ஒரு இரும்புக் கட்டில். கட்டிலில் போர்வையும், போர்வைக்கு வெளியே ஜமால் அண்ணனின் முதுகும்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்திருக்கும்போதே வீடியோ கால் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க அதை அணைப்பதே இல்லை. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். அவர் அங்கே துணி துவைப்பார், இவள் இங்கே மீன் கழுவுவாள். கொல்லைப்பக்கம் போகும்போது "இந்தா, வந்துர்றேன்" என்று லேப்டாப்பிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பும்போது அவரும் அப்படித்தான். இங்கே குக்கர் விசிலடித்தால், "அடுப்பைப் பாரு" என்று முன்பெல்லாம் குவைத்திலிருந்து குரல் வருமாம்.

"பேசாம எதுக்குடி நாளெல்லாம் ஓட விடுறீங்க?" என்று கேட்டேன்.

"நீ வூட்டுல இருக்கற புருஷன்கிட்ட நாளெல்லாமா பேசிக்கிட்டு இருக்க?"

என் வீட்டுக்காரரோடு நான் கடைசியாக ஒரு முழு வாக்கியம் பேசியது எப்போது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

பழைய லேப்டாப், ஆசிக் பள்ளிக்கூடத்தில் வாங்கிய அரசாங்க லேப்டாப். அது உயிரை விட்டதும், போன பெருநாளைக்கு வந்தபோது அவன் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். இதில் இல்லாத வசதி இல்லை. கால் முடிந்ததும் என்ன பேசினோம் என்பதைச் சுருக்கி எழுதியே கொடுத்துவிடும். போன வெள்ளிக்கிழமைக்கு அது எழுதியிருந்ததை மும்தாஜ் காட்டினாள். பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கம் ஒரே வரி — 'குறிப்பிடத்தக்க உரையாடல் எதுவும் இல்லை.'

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே!

"இன்னொன்னு இருக்குடி. ரெண்டு பக்கத்து இரைச்சலையும் வடிகட்டிடுமாம். பேச்சு மட்டுந்தான் வருமாம்."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? அவரு ரூம்ல ஃபேன் ஓடுற சத்தம் கேக்கும் முன்னாடி. பக்கத்துக் கட்டில்காரரு செருப்ப இழுத்துக்கிட்டு நடக்குறது கேக்கும். இப்ப ஒண்ணுமில்ல... ஆளில்லாத வூடு மாதிரி இருக்கு. எடுத்துடுடான்னு ஆசிக்கிட்ட சொன்னேன். 'அத்தாவுக்கு இதுதாம்மா புடிச்சிருக்காம், இருக்கட்டும்'னுட்டான்."

முருங்கைக்காயை நறுக்க உட்கார்ந்தாள். வந்த வேலை எனக்கு ஞாபகம் வந்தது. நோட்டைப் பிரித்துக்கொண்டு, பேட்டி எடுக்கிற தோரணையில் கேட்டேன் — நூறு வருஷம் கழித்து கம்ப்யூட்டர் உனக்கு என்னென்ன செய்து தர வேண்டும்?

கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நூறு வருஷம் கழிச்சுமா ஆம்பளைங்க அங்கயும் பொம்பளைங்க இங்கயுமா கெடப்போம்?"

பேனாவை மூடினேன். இதற்கு மேல் என்ன பேட்டி?

அப்போதுதான் திரையில் போர்வை அசைந்தது. ஜமால் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். முதுகு இந்தப் பக்கம். தோள் இரண்டும் குலுங்கின.

"அண்ணன் முழிச்சுட்டாரு. கனவு கினவு கண்டாரோ என்னவோ, தனியாச் சிரிக்கிறாரு பாரு" என்றேன்.

மும்தாஜ் திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சிரிக்கல" என்றாள்.

தோள்கள் இன்னும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தன. ஒரு கை நெஞ்சில், ஒரு கை கட்டில் கம்பியில். மனுஷர் முன்னால் மடங்கி மடங்கி நிமிர்கிறார். ஆனால் எங்கள் பக்கம் ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை.

"இருமுறாருடி" என்றாள் மும்தாஜ். அவள் குரல் அவள் குரலாகவே இல்லை.

ஆசிக்குக்குப் போன் போட்டோம். எடுக்கவில்லை, ஆபீஸ் மீட்டிங்காக இருக்கும். நான்தான் லேப்டாப் முன்னால் போனேன். எங்கள் வீட்டில் வைஃபை பாஸ்வேர்டு மாற்றத் தெரிந்த ஒரே ஆள் நான் என்கிற தைரியம்! அங்கே இங்கே தொட்டு, இரைச்சல் நீக்கும் அந்தக் குட்டி சுவிட்சைக் கண்டுபிடித்து அணைத்தேன்.

குவைத் அறை முழுசாக வந்து சமையல்கட்டில் விழுந்தது. ஃபேன் சத்தம். யாரோ தட்டு கழுவுகிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலே அந்த இருமல்... அடிவயிற்றிலிருந்து இழுத்து, முடியாமல் விட்டு, மறுபடி இழுக்கிற இருமல். மும்தாஜைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"ஏங்க" என்றாள்.

குவைத்தில் மனுஷர் துள்ளித் திரும்பினார். "என்ன... கேக்குதா?"

பாவம், அந்த ஒரு கேள்வியிலேயே மாட்டிக்கொண்டார்.

"கேக்குது. எத்தன நாளா?"

"தொண்டையில லேசா..."

"எத்தன நாளான்னு கேட்டேன்."

"பெருநாளைக்கு மறுவாரத்துலேர்ந்து. ஒரு நாள் நல்லா இருமிட்டேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல. அப்பதான் தெரிஞ்சுது, உனக்குக் கேக்கலன்னு. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

விசா புதுப்பிக்க மெடிக்கல் வருகிறதாம். நெஞ்சில் டி.பி. மாதிரி ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். டாக்டரிடமும் போகவில்லை.

"அனுப்பட்டும்! ஊருக்குத்தானே அனுப்புறாங்க, கபர்ஸ்தானுக்கா அனுப்புறாங்க? மறைச்சு வச்சாத்தான் அங்க போகணும்" என்று கத்தினாள் மும்தாஜ். கத்திவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

புருஷன் பெண்டாட்டி நடுவில் எனக்கென்ன வேலை? கொல்லைக்குப் போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே சண்டை பலமாக நடந்தது. அவர் இருமினார், இவள் திட்டினாள், அவர் சமாதானம் சொன்னார், மறுபடி இருமினார். கேட்கக் கேட்க எனக்கு ஒரு நிம்மதி. சண்டை போடுகிற அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்களே!

சாயங்காலம் ஆசிக் கூப்பிட்டான். பையன் உடைந்து போய்விட்டான். "நல்லா கேக்கணும்னுதாம்மா போட்டேன்... அத்தா புடிச்சிருக்குன்னு சொன்னதும் நம்பிட்டேன்மா" என்று சின்னப் பிள்ளையாட்டம் அழுதான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் பின்னால் நாய் குரைத்தால் தொந்தரவுதான். வடிகட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு குடும்பத்தில் எது பேச்சு, எது இரைச்சல் என்று வெளியாளால் சொல்லிவிட முடியுமா? பெற்ற பிள்ளைக்கே தெரியவில்லை. கட்டிக்கொண்டவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் மறைத்தார்.

வீட்டுக்கு வந்து அந்த அரைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஆசிரியருக்கு என் பதில் இதுதான் — நூறு வருஷம் கழித்து கம்ப்யூட்டர் சுவராக இருக்குமா, காற்றாக இருக்குமா, சத்தியமாக எனக்குத் தெரியாது சார். எப்படி இருந்தாலும் சரி, எங்கள் பக்கத்து ஜனங்கள் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, தூரத்தில் இருக்கிற யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். அந்த நாளில் அதைச் செய்கிற புத்திசாலிகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களைக் கேட்காமல் எதையும் வடிகட்டாதீர்கள்.

பத்தியை இந்த இடத்தில் முடித்துவிடலாம் என்றிருந்தேன். நேற்று மும்தாஜ் போன் செய்தாள்.

ஜமால் அண்ணனை ஒருவழியாக கிளினிக்குக்கு அனுப்பிவிட்டாள். தனியாகப் போனால் மனுஷர் டாக்டரிடமும் மழுப்புவார் என்று இவளுக்குத் தெரியாதா? ஸ்பீக்கரை ஆன் செய்து போனை சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். லைனை வைக்கக் கூடாது என்று கண்டிஷன். டாக்டர் கேரளாக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவாராம். எவ்வளவு நாளாக இருமல் என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டு மூணு நாளா, டாக்டர்..."

"பெருநாளைக்கு மறுவாரத்துலேர்ந்து!" என்றது சட்டைப்பை.

டாக்டர் மேசைக்கடியில் எல்லாம் பார்த்தாராம். "யாரது?"

"வூட்டுக்காரம்மா, டாக்டர்... ஊர்ல இருக்காங்க."

ராத்திரி தூக்கம் எப்படி, பசி எப்படி என்று டாக்டர் அடுத்தடுத்துக் கேட்டதற்கெல்லாம் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பையிலிருந்து பதில் வந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். அவர் பயந்த வியாதி இல்லை. குடோன் மரத்தூள் நெஞ்சில் இறங்கி, சளி கட்டி, ரொம்ப முற்றிப் போயிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஆளையே சாய்த்திருக்கும் என்றாராம் டாக்டர். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் முழுசாகச் சரியாகிவிடும், அப்புறம் ஊருக்குப் போய் நல்ல காற்றில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ் என்று மும்தாஜ் சொன்னபோது நானும் கூடவே சொன்னேன்.

எந்த மாத்திரையை எந்த வேளைக்கு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை டாக்டர் ஜமால் அண்ணனிடம் சொல்லவே இல்லையாம் — குனிந்து, நேராகச் சட்டைப்பையிடம்தான் சொன்னாராம்!