இரண்டு எழுபதுகள்

ஒரு பெண்பிள்ளையின் பரீட்சைப் பெறுபேற்றை நான் தெரிந்துகொண்டே குறைத்துக் காட்டினேன். அது கவனக்குறைவும் அல்ல, கணக்குப் பிழையும் அல்ல. அவளுக்கு உரியது இதைவிடக் கூட என்று தெரிந்திருந்தும் அந்தத் தாளில் கையெழுத்து வைத்தேன்.

மொன்றியலில், வேறு நாடுகளில் படித்தவர்களின் புள்ளிகளை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விளங்கும் விதமாக மாற்றிக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன் என்பதால் எடுத்தார்கள். ஓய்வு வயது வந்த பிறகும் வாரத்தில் இரண்டு நாள் வரச் சொன்னார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம் இருக்கும். அந்த நாட்டின் இந்தப் புள்ளிக்கு அமெரிக்காவில் இந்த எழுத்து என்று அதில் எழுதியிருக்கும். கோப்பு வந்தால் பக்கத்தைப் பார்த்து மாற்ற வேண்டியதுதான். இலங்கைக்கான பக்கத்தை எழுதியவன் நான்.

அதை எழுதிய காலத்தில் அலுவலகத்தில் ஒருவர், நான் பார்த்த சில கோப்புகளைப் புரட்டிவிட்டு, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருமே கெட்டிக்காரர்கள் போலிருக்கிறதே என்று சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. எங்கள் ஆட்களுக்குப் புள்ளியைக் கூட்டிப் போடுகிறவன் என்ற பெயர் வரக்கூடாது என்று முடிவெடுத்தேன். ஊரில் உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும்போதே நான் கை இறுக்கமானவன் என்று பெயர் எடுத்தவன். A-க்கு உரிய எழுபத்தைந்து போடுவதென்றால் பேனை நின்று நின்று போகும். அந்த இறுக்கத்தை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே கையால், நூற்றுக்கு எத்தனையோ அத்தனை என்று இலங்கைப் பக்கத்தை எழுதினேன். அமெரிக்காவில் எழுபது என்றால் C. ஆகவே எங்கள் எழுபதும் C.

அந்தப் பிள்ளையின் தகப்பன் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவர். என் கட்டடத்தில் மூன்றாவது மாடி. மனைவியையும் மகளையும் ஸ்பொன்சர் செய்து எடுப்பித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிள்ளை யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் இரண்டு B, ஒரு C எடுத்திருந்தாள். இங்கே படிப்பதென்றால் முதலில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியான சிஜெப்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வா என்றார்கள். நியூஜெர்சியில் சித்தி இருந்தாள். அவளின் மூத்த மகன் வெளியூருக்குப் படிக்கப் போனதில் ஒரு அறை வெறுமையாக இருந்தது. பக்கத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அந்த அறையில் இருந்து படிக்கலாம் என்று சித்தி சொல்லியிருந்தாள். அந்தக் கல்லூரி கேட்டது ஒரே ஒரு தாளைத்தான், எங்கள் அலுவலகத்தின் தாளை.

கோப்பு என் மேசைக்கு வந்தது. தெரிந்தவர்களுடைய கோப்பு என்று சொல்லி வேறொருவரிடம் கொடுத்திருக்கலாம். இலங்கைக் கோப்பைப் பார்க்க அங்கே வேறு ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தைத் திறந்து, B என்பது அறுபத்தைந்து முதல் எழுபத்துநான்கு வரை, நடுவே எழுபது, ஆகவே C என்று எழுதினேன். மற்ற B-யும் C ஆனது. அவளுடைய C அமெரிக்க D ஆனது.

அதே காலையில் அதற்கு முதல் பார்த்த கோப்பு பிரான்சிலிருந்து வந்த ஒரு மாணவியுடையது. இருபதுக்குப் பதினான்கு. அதுவும் நூற்றுக்கு எழுபதுதான். பிரான்சுப் பக்கத்தை எழுதியவர், அங்கே இருபதுக்கு இருபது யாரும் போடுவதில்லை, பதினான்கு எடுப்பவள் வகுப்பில் முன்னுக்கு நிற்பவள் என்று விளக்கி A என்று எழுதியிருந்தார். நியாயமான பக்கம். அதைப் பார்த்து அவளுக்கு A போட்டேன். அந்த மை காயுமுன் எங்கள் பிள்ளையின் எழுபதுக்கு C போட்டேன். ஊரில் கணிதத்தில் B எடுப்பது எவ்வளவு பாடு என்று அந்த அலுவலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

கல்லூரி இல்லை என்று எழுதிவிட்டது. தகப்பனை லிஃப்டில் கண்டேன். அவர் என்னைக் குறை சொல்லியிருந்தால் ஒருவேளை நானும் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

"நீங்கள் போட்டது சரியாத்தான் இருக்கும் அண்ணை," என்றார். "இவள்தான் ஊரில கெட்டிக்காரி எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவள். இங்க வந்து பாத்தால் D. தாய்தான் செல்லம் குடுத்துக் கெடுத்தது."

நான் இரண்டாம் மாடியில் இறங்கிவிட்டேன். என் வீடு ஐந்தாம் மாடி.

அடுத்த வாரம் அலுவலகத் தலைவியிடம் போய் இலங்கைப் பக்கத்தை மாற்ற வேண்டும் என்றேன். என் மகளைவிட இளையவர், மரியாதையானவர். பக்கத்தின் அடியில் இருந்த என் கையெழுத்தைக் காட்டினார். இவ்வளவு வருடம் சரியாக இருந்தது இப்போது எப்படிப் பிழையானது என்று கேட்டார். அப்போதும் பிழைதான் என்றேன். அதற்கு ஆதாரம் கேட்டார். பிழையாக எழுதிய நாளில் என்னிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

கொழும்பில் பரீட்சைத் திணைக்களத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். முகவரி இல்லையென்று திரும்பி வந்தது. வேறு முகவரிக்கு அனுப்பினேன். கட்டணச் சிட்டையின் பிரதி கேட்டார்கள். என்ன கட்டணம் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. கடைசியில் ஊரில் என்னோடு படிப்பித்த ஒருவர், எந்தப் பாடத்தில் எத்தனை பேருக்கு எந்தத் தரம் கிடைக்கிறது என்ற அறிக்கையைத் தேடிப் படம் பிடித்து அனுப்பினார். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. சிங்களப் பகுதிக்குச் சத்தியப்படுத்திய மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள் அலுவலகத்தில்.

அந்த இடைவெளியில் கல்லூரிக்கு நேரடியாகக் கடிதம் எழுதினேன். பிழை மாணவியுடையது அல்ல, என்னுடையது என்று நான்கு வரியில் சொன்னேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, எங்கள் வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று பதில் வந்தது. தொலைபேசியில் எடுத்தேன். நீங்கள் பெற்றோரா என்று கேட்டார்கள். இல்லை. விண்ணப்பதாரியா? இல்லை. பாடசாலை ஆலோசகரா? இல்லை. அப்படியானால் கோப்பில் எதையும் சேர்க்க முடியாது என்று வைத்துவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனுக்கு அவர்களின் பட்டியலில் இடம் இல்லை.

பக்கம் மாற ஏழு மாதம் எடுத்தது. இப்போது B என்றால் A மைனஸ், C என்றால் B. புதிய தாளை நானே அச்செடுத்து மூன்றாம் மாடிக்குக் கொண்டு போனேன். தகப்பன் வேலைச் சட்டையோடு சோபாவில் இருந்தார். பிள்ளை மேசையில் பிரெஞ்சு வகுப்பு வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிரான்சுக்காரப் பிள்ளையின் எழுபதையும் சொன்னேன்.

தகப்பன் தாளை வாங்கினார். எழுத்துக்களைக் கன நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "இவளை நான் எத்தினை பேருக்கு முன்னால ஏசியிருப்பன்," என்றார்.

பிள்ளை பேனையை மூடினாள். "ஏன் மாஸ்டர் அப்பிடிச் செய்தனீங்கள்?"

"எங்கட ஆக்களுக்குக் கூடப் போட்டிட்டன் எண்டு சொல்லுவினம் எண்டு பயந்தனான், பிள்ளை."

"ஆர் சொல்லுவினம்?"

அந்தச் சிரித்த மனிதர் வேலையை விட்டுப்போய் எத்தனையோ வருடம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவள் திரும்பவும் விண்ணப்பித்தாள். இந்த முறை இடம் கிடைத்தது. ஆனால் சித்தியின் மகன் கலியாணம் முடித்து மனைவியோடு அந்த அறைக்கே வந்துவிட்டான். விடுதியில் தனியே விடத் தாய் சம்மதிக்கவில்லை. வேண்டாம் என்று கல்லூரிக்கு அவளே எழுதினாள். இப்போது சிஜெப்பில் முதலாம் வருடம். முன்பே சேர்ந்திருந்தால் இந்த வருடம் முடித்திருப்பாள்.

என் பக்கத்தால் மாறிய பழைய கோப்புகளுக்குப் புதிய தாள் அனுப்ப வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டேன். விண்ணப்பித்தவர்கள் தாங்களாகக் கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். வேலையை விட்டுவிட்டேன். கோயில் அறிவிப்புப் பலகையிலும் இரண்டு தமிழ்க் கடைகளின் கண்ணாடியிலும், இலங்கைப் பெறுபேற்றை இந்த அலுவலகத்தில் மாற்றியவர்கள் மறுபடி கேட்கலாம், பழைய பக்கம் பிழை, பிழை என்னுடையது என்று எழுதி ஒட்டினேன். இதுவரை நான்கு பேர் தொலைபேசியில் எடுத்தார்கள். அதில் ஒருவர் கேட்டது, மகனுக்குக் கணித டியூஷன் கொடுப்பீர்களா என்று.

மூன்றாம் மாடித் தகப்பன் இப்போதும் லிஃப்டில் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொள்வார். அண்ணை என்று கூப்பிடுவதில்லை. புதிய தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பதாக என் மனைவி சொல்லி அறிந்தேன். அதன் கீழே இருப்பதும் என் கையெழுத்துத்தான்.