ஓரத்தில் நான்கு புள்ளிகள்

துவைத்த படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி மடிப்பில் அம்மா நின்றுவிட்டாள். "டேய், அசையாதே. உன் பக்கத்தக் கொஞ்சம் தாழ்த்து." மகன் தாழ்த்தினான். ஜன்னல் வெயில் விரிப்பில் பட்டு, எதிர்ச்சுவரில் வெளிறிய ஒரு பட்டையாக ஏறியது. "பாத்தியா திருட்டுத்தனத்த? ஜன்னல் அங்க, சுவர் இங்க. நடுவுல நீயும் நானும் கூட்டுக் களவாணி." கை வலிக்கிறது என்று அவன் முணுமுணுத்த பிறகுதான் மீதி மடிப்பு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அது. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை. செவ்வாய்க்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் அவள் இதயம் நின்றது.

கைப்பேசிக்குள் இருக்கும் கேமரா ஒரு பட்டாணி அளவுதான். அதற்குள் ஆறேழு லென்சுகளை அடுக்கியிருப்பார்கள். பக்கவாட்டிலிருந்து வரும் வெயிலோ தெருவிளக்கோ அவற்றின் விளிம்பில் இடித்து, உள்ளுக்குள்ளேயே தெறித்து, படத்தில் வெள்ளைப் புகையாகவும் பச்சைப் பொட்டாகவும் வந்து உட்காரும். ஆய்வகத்தில் அதற்குப் பேர் பேய். எந்தச் சந்து வழியாகப் பேய் நுழைகிறது என்று கண்டுபிடித்து அடைப்பது அம்மாவின் உத்தியோகம். லென்ஸ் விளிம்புக்குக் கறுப்பு மை பூசுவாள். இடையில் வைக்கும் வளையத்தின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கச் சொல்லிச் சண்டை போடுவாள். பட்டப்பெயர் பேயோட்டி. "பேய் ஓட்டுறதுக்கு மாசச் சம்பளமும் மருத்துவ விடுப்பும் எனக்கு மட்டும்தான் குடுக்கறாங்க" என்று பெருமையடிப்பாள்.

வீட்டிலும் ஓட்டினாள். பிரிட்ஜில் மினுக்கும் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப். படுக்கையறைக் கதவின் பித்தளைக் கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்து மங்கடித்திருந்தாள். குடும்பப் படம் என்றால் இடது கையைக் கைப்பேசிக்குக் குடையாகப் பிடித்து, இரண்டடி நகர்ந்து, திரும்ப வந்து, மறுபடி நகர்வாள்.

"அக்கா, சிரிச்சுச் சிரிச்சுத் தாடை விட்டுப்போச்சு. எடுத்துத் தொலையேன்!" என்பாள் சித்தி.

"உன் மூக்குல பச்சையா ஒண்ணு உக்காந்திருக்கு. அதோட எடுக்கவா?"

"இருந்துட்டுப் போகட்டும். என் மூக்குதானே!"

எடுக்கமாட்டாள். கைப்பேசியை வேறு யாரிடமும் கொடுக்கவும் மாட்டாள். அதனால் அவள் இறந்தபின் மாட்டுவதற்கு ஒரு படம் தேடினால், அடையாள அட்டையில் இருந்ததைத் தவிர எதுவும் அகப்படவில்லை.

துக்கம் கேட்க வந்த ஆய்வக மேலாளர் மடிக்கணினியோடு வந்தார். "தம்பி, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்" என்று தொடங்கினார். அம்மா கடைசியாகச் செய்த வளையம். அதைப் போட்டு இருட்டறையில் அவள் எடுத்த சோதனைப் படங்கள். படம் முழுக்கக் கறுப்பு. இடது ஓரத்தில் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு மங்கலான புள்ளிகள். மேலே மூன்றும் சம இடைவெளியில். நான்காவது சற்று இறங்கி.

"விளக்குக்குப் பக்கத்துல நின்னு அதக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி எடுப்பாங்க. அதே லென்ஸ், அதே விளக்கு, இப்ப நான் நின்னு எடுத்தா புள்ளி இல்ல. அவங்க எடுத்ததுல மட்டும் இருக்கு. தலையும் புரியல, வாலும் புரியல."

"இல்லன்னா நல்லதுதானே சார்?"

"வந்து வந்து போற குறைதான் ஆபத்து. காரணம் தெரியலன்னா இந்த வளையத்தத் தூக்கிப் போட்டுட்டுப் பழசுக்கே போகச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க. ஒரு வருச உழைப்பு. உங்கம்மா திங்கக்கிழமை சாயங்காலம், 'பேய் போயிடுச்சு, லென்ஸ்ல குத்தமில்ல, காலைல சொல்றேன்'னு செய்தி அனுப்பியிருந்தாங்க." குரலைத் தாழ்த்தினார். "கடைசியில அம்மா... கொஞ்சம் தடுமாறுனாங்களா வீட்டுல?"

இல்லை என்று மகன் வேகமாகச் சொன்னான். அவர் போனபின் அந்த வேகம் நிற்கவில்லை. அவன் தொழில் இயந்திரங்களின் அதிர்வை அளப்பது. காரணமில்லாமல் எதுவும் ஆடாது என்று நம்புகிறவன். அவரிடம் கேட்டுக் கைப்பேசியில் வாங்கிக்கொண்ட படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தான். விளக்கு நகர்ந்தால் பேயும் நகர வேண்டும். இவை நகரவில்லை. கோடு போட்டுப் பார்த்தான், கோணம் கணக்கிட்டான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. கையில் விரிப்போடு சுவரையே பார்த்து நின்றாளே, அது வழக்கமா, நோயா? அதுகூட இப்போது தெரியவில்லை.

அம்மாவின் கைப்பேசி அடித்தது. "என்னக்கா, கோட்டு தெச்சு எத்தன நாளாச்சு! வாங்கவே வரலியே?" தெருமுனைத் தையல்கடைக்காரி. அவன் விஷயத்தைச் சொன்னான். எதிர்முனையில் தையல் இயந்திரம் நின்றது.

கடைக்குப் போனபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையை மூடும் தொப்பியோடு தைத்த நீளமான கறுப்புக் கோட்டு ஒன்றை மேசையில் விரித்தாள். "பழசு கிழிஞ்சுபோச்சுன்னு, இருட்டறைல போட்டுக்க ஆபீசுல புதுசாக் குடுத்ததாம். திங்கக்கிழமை சாயங்காலம் வேகுவேகுன்னு வந்தாங்க. 'பட்டனெல்லாம் பிடுங்கிட்டு உள்பக்கமா ஜிப் வெச்சுடு'ன்னாங்க. கண்ணாடியாட்டம் மின்னுது, ஏன்க்கா பிடுங்கணும்னு கேட்டேன். சிரிக்கறாங்க தம்பி, கண்ல தண்ணி வர்ற அளவுக்கு. 'மூணு நாளா என்னையே பேய்னு தேடிட்டிருந்திருக்கேன்டி'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்னு போனவங்கதான்."

"எத்தன பட்டன்?"

"நாலு. அடியில இருந்தது மட்டும் கொஞ்சம் எறங்கித் தெச்சிருந்துச்சு."

அவன் மேலாளரை அழைத்தான். "சார், லென்ஸ்ல குத்தமில்ல. அம்மா சொன்னதுதான் சரி." பிறகு விளக்கமாகச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

தன் கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து, கோட்டின் மேலேயே வைத்தான். தையல்கடைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, வெறும் இருட்டா இருக்கு?"

அவன் திரையில் விரல் வைத்தான். முதல் புள்ளியிலிருந்து மெல்ல மேலே நகர்த்தி, ஒரு முகம் இருக்கவேண்டிய உயரத்தில், ஒன்றுமே இல்லாத கறுப்பில் நிறுத்தினான்.