பொம்மைச் சுத்தியல்

சுத்தியல் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அதன் தலையைத்தான் பார்ப்பார்கள். பளபளவென்று இருந்தால் போதும், எடுத்துவிடுவார்கள். நான் பிடியைப் பார்ப்பேன். அடிப்பக்கத்தைத் திருப்பி, மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா குறுக்கே ஓடுகிறதா என்று பார்ப்பேன். குறுக்கே ஓடினால் சீக்கிரம் முறியும். கட்டிங் பிளையரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன்; வாய்க்குள் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். திருப்புளியின் நுனியில் அரத்தை லேசாக ஓட்டுவேன். அரம் வழுக்கினால் நல்ல எஃகு, கடித்தால் வெறும் இரும்பு. ஐம்பது சாமான் அடங்கிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இப்போது எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. அதை ஆசையாக வாங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதில் நாலைந்துதான் வேலைக்கு ஆகும், மற்றதெல்லாம் பெட்டிக்குப் பாரம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு நூல் மில்லில் முப்பது வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஃபிட்டர்களின் கைக்குப் போகும் ஒவ்வொரு சாமானும் என் கையைத் தாண்டித்தான் போகும். நான் வேண்டாம் என்று ஒதுக்கியதை முதலாளியே சொன்னாலும் உள்ளே எடுக்க மாட்டேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஆனால் ஒரு ஆணியை நேராக அடிக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அந்தச் சுரைக்காய் நான்தான்.

கறிக்கு உதவியது என் மனைவி. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலை ஒரு கல்லையும் மரத்துண்டையும் வைத்தே இறுக்கிவிட்டாள். பிறகு நாற்காலி, ஜன்னல் கொக்கி, மிக்ஸி, பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் என்று எதையும் விடவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் கடையில் குடில் வாங்க மாட்டாள்; பழம் வருகிற பெட்டிப் பலகையைப் பிரித்து அவளே செய்வாள். பங்குச்சாமி ஒரு வருடம் அதைப் பார்த்துவிட்டு, கோவிலுக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். ஆள் சின்ன உருவம். கை அதைவிடச் சின்னது. வளையல் கடையில் பெரியவர்களுக்கான அடுக்கு அவளுக்குச் சேராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிற பக்கமாகப் போய் நின்று, வெட்கத்தோடு எடுத்துக்கொண்டு வருவாள். நான் அதைச் சொல்லிக் கேலி செய்வேன்.

நான் ஓய்வு பெற்றதும் மோட்டார் ரூமை ஒட்டித் தகரம் போட்டு அவளுக்கு ஒரு பட்டறை அமைத்துக் கொடுத்தேன். அமைத்தது நான் என்று சொல்லிக்கொள்கிறேன். மேஜையை அடித்ததும் அவள், சுவரில் பலகை பதித்ததும் அவள். சாமான் வாங்கியது மட்டும் நான். ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கவில்லை. எந்த வேலைக்கு எது வேண்டுமோ அதை அப்போது வாங்குவது, வாங்கினால் வாழ்நாளுக்கும் நிற்கிறதாக வாங்குவது என்பது என் கணக்கு. பலகையில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கொக்கி அடிக்கச் சொல்லி, அதன் உருவத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். மில்லிலும் அப்படித்தான் செய்வேன். எது இடத்தில் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. பேரம் பேசுவதில் என் வழி மூன்று நாள் வழி. முதல் நாள் சாமானை எடுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ நாற்றம் அடித்தது போல முகத்தைச் சுளித்துக் கீழே வைப்பேன். இரண்டாம் நாள் அதே கடையில் வேறு எதையோ விசாரிப்பேன். மூன்றாம் நாள் வேறெங்கோ போகிறவன் போலப் போய், போனால் போகிறது என்று அதை வாங்குவேன். இது அவளிடம் நடக்காது. பிடித்துவிட்டால் அவள் முகம் மலர்ந்துவிடும். விலை ஏற அது ஒன்று போதும்.

ஒரே ஒரு தடவை தொற்றிக்கொண்டு வந்தாள். பேகம்பூர்ப் பக்கம் எனக்கு வழக்கமான பாய் கடை. நான் சுத்தியல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் மூலையில் கிடந்த ஒரு சின்னச் சுத்தியலை எடுத்தாள். பிடி மெல்லியது, அரைச் சாண் நீளம்தான் இருக்கும். கையில் வைத்து ஒரு தடவை ஆட்டினாள். நான் பயந்தது நடந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. அதைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, பெரிய சுத்தியல் ஒன்றை விலை பேசி வாங்கிக்கொண்டு வந்தேன். அதற்கு ஈடாக இன்றைக்கும் ஒரு சுத்தியலைக் காட்ட முடியாது. ரேகை நூல் பிடித்தது போல ஓடும்.

ஸ்கூட்டரில் வரும்போது பின்னாலிருந்து சொன்னாள், "அந்தச் சின்னது நல்லாருந்துச்சுங்க."

"அது பொம்மச் சுத்தி. பிள்ளைக வெளாடத்தான் ஆகும்."

அடுத்த தடவை நான் கிளம்பும்போது, "செத்த நேரம் நானும் வாரேனே" என்றாள். "நீ வந்தா காரியம் கெட்டுரும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். அதன் பிறகும் இரண்டொரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

முதல் இரண்டு வருடம் அவளுக்கு மணிக்கட்டில் வலி இருந்தது. சமையல் முடித்துவிட்டு உட்கார்ந்து தைலம் தேய்ப்பாள். வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்றேன். டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். பிறகு வலி போய்விட்டது. தைல பாட்டில் அலமாரிக்குள் போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, நல்ல சாமான் கைக்குப் பழகிருச்சு" என்று சொன்னேன். நன்றாக நினைவிருக்கிறது. அவள் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் "ஆமாங்க" என்றாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுக்கும் முன்பே பட்டறைக்குக் கூட்டிப்போய் விடுவேன். அந்தச் சுத்தியலைக் கொக்கியிலிருந்து எடுத்துக் காட்டுவேன். ஏழு வருடமாகத் தினமும் வேலை வாங்கியும் ஒரு கீறல் உண்டா, ஒரு ஆட்டம் உண்டா பாருங்கள் என்பேன். பிளையரைக் காட்டுவேன், உளியைக் காட்டுவேன். விலையைச் சொல்லி, அவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்ப்பேன். அவள் டம்ளர்களோடு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். முப்பது வருடம் தேய்மானம் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். தினமும் வேலை செய்த சுத்தியலில் ஒரு கீறல்கூட இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

போன தவக்காலம் முடிகிற சமயத்தில் அவள் போய்விட்டாள். காலையில் எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். நான் பட்டறைக் கதவைத் திறக்கவே இல்லை. அங்கே போய் நான் என்ன செய்வது? எனக்கு ஆணி அடிக்கத் தெரியாது.

கல்லறைத் திருநாளுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எல்லோரும் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இன்னும் கல் வைக்கவில்லை. வருடம் திரும்பித்தான் வைப்பது. அதுவரைக்கும் ஒரு மரச்சிலுவைதான். ஐப்பசி மழையில் அதன் குறுக்குச் சட்டம் கழன்று, ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஊரில் எல்லார் வீட்டுச் சட்டத்தையும் நிமிர்த்தியவள் தலைமாட்டில் இப்படியா தொங்குவது? ஆளைக் கூப்பிடாமல் நானே அடிக்கிறேன் என்று வீட்டுக்கு வந்து பட்டறையைத் திறந்தேன்.

என் சுத்தியல் பென்சில் கோட்டுக்குள் அப்படியே தொங்கியது. எடுத்து ஜன்னல் பக்கம் வந்தேன். அப்போதுதான், அவள் இல்லாமல் போன பிறகுதான், அதை ஒரு ஸ்டோர் கீப்பரைப் போலப் பார்த்தேன். பிடியின் அடிப்பாதி வாங்கிய நாளில் இருந்தது போலவே வெளுத்துக் கிடந்தது. தலையை ஒட்டிய இடத்தில் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு வியர்வைக் கறை. பாரம் தாங்காமல் கழுத்தைப் பிடித்து அடித்திருக்கிறாள். அந்தக் கறையும் பழையது. மேலே தூசி படிந்து கெட்டியாகியிருந்தது. பிளையரை எடுத்தேன். முழுதாக விரித்தால் அதன் இரண்டு கால்களும் அவள் உள்ளங்கைக்குள் அடங்கியிருக்காது. விரலெல்லாம் நீட்டி, நுனி விரலால் இழுத்துத்தான் மூடியிருக்க வேண்டும். உளியில் நான் வாங்கியபோது இருந்த கூர் அப்படியே இருந்தது.

ஆணி தேடி மேஜைக்கு அடியில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். ஆணிக்கு மேலே ஒரு துணி. துணிக்குள் அந்தப் பொம்மைச் சுத்தியல். பிடி முழுக்கக் கறுத்து, வழவழவென்று எண்ணெய் குடித்தது போல இருந்தது. தலையின் ஓரமெல்லாம் அடித்து அடித்து மழுங்கியிருந்தது. கூடவே ஒரு சின்னக் குறடு, இரண்டு சின்ன உளிகள், ஒரு குட்டித் திருப்புளி. எல்லாம் தேய்ந்தவை. குடிலும் கோவில் வேலையும் பக்கத்து வீட்டு முக்காலியும் இவற்றால் நடந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் துடைத்து மறைத்து வைத்துவிட்டு, என் சாமான்களை எனக்காகச் சுவரில் தொங்க விட்டிருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னிடம் மறைப்பதா என்று. அந்தக் கோபத்தோடே பாய் கடைக்குப் போனேன். பாய் துணியைப் பிரித்துப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். அவள் இறந்த செய்தி அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் இருவரும் வந்துபோய் இரண்டு வருடம் கழித்து அம்மா தனியாக பஸ்ஸில் வந்தார்கள் என்றார். ஒவ்வொன்றையும் கையில் பிடித்துப் பார்த்து, கடையிலேயே ஒரு கட்டையில் அடித்துப் பார்த்து, ஒரு பேரமும் பேசாமல் வாங்கிப் போனார்களாம்.

"என்ட்ட ஒன்னும் சொல்லலயே பாய்."

"அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க சார். 'அவரு பாத்துப் பாத்து வாங்குனது, மனசு சங்கடப்படும்'னாங்க."

கோபம் போன இடம் தெரியவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்துவிட்டேன். வளையல் கடையில் அந்தக் கையைத் தெரிந்த எனக்கு, சுத்தியல் கடையில் தெரியவில்லை. மரத்தின் ரேகையைப் பார்த்தேன், எஃகைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன். எல்லாவற்றையும் என் கையில் வைத்துத்தான் பார்த்தேன். ஆணி அடிக்கத் தெரியாத கை. இரண்டு வருடம் அவள் வலியோடு அடித்தாள். அதை வயசு என்று சொன்னேன். வலி நின்றபோது அதையும் என் சாமர்த்தியம் என்று சொன்னேன். ஒரு தடவை கூட்டிப் போயிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கொஞ்சம் விலை ஏறியிருக்கும். அந்த முகம் மலர்வதை இன்னும் நாலு தடவை பார்த்திருப்பேன்.

மறுநாள் செவ்வந்தியும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவளுடைய சுத்தியலை எடுத்துப் போனேன். என் உள்ளங்கைக்குள் அது நிற்கவே இல்லை. கடைசி இரண்டு விரல்களுக்குப் பிடிக்க இடமில்லாமல் வெளியே கிடந்தன. பிடியின் முனை ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்கையில் குத்தியது. மடங்கிய ஆணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி மறுபடி அடித்தேன். பக்கத்துக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர் பார்த்துப் பரிதாபப்பட்டு, தான் அடித்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். கடைசியில் சட்டம் நின்றது. நேராக இல்லை, அவளாக இருந்தால் பிரித்துவிட்டு மறுபடி அடித்திருப்பாள்.

அன்று சாயங்காலம் மணிக்கட்டில் வலி எடுத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டைத் தூக்கவும் முடியவில்லை. மகள் போன் செய்தபோது நன்றாக இருக்கிறேன் என்றேன். அலமாரியில் அவள் வைத்துவிட்டுப் போன தைலம் பாதி பாட்டில் இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்த்துக்கொள்ளாமல் மூடி வைத்தேன்.